உபிக் மக்களும் அவர்தம் மொழியும்

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைப் படைத்தவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் (30:22) எடுத்துரைக்கிறது. கோடிக்கணக்கானோர் பேசும் பெருமொழிகளுக்கு மட்டும் உரிய சிறப்பன்று இது. ஒரு சில பள்ளத்தாக்குகளுக்குள் அடங்கிவிடும் சிறு மொழிக்கும் இதில் பங்குண்டு. அத்தகைய மொழிகளுள் ஒன்று உபிக். காக்கேசியா மலைத்தொடரின் வடமேற்கே, கருங்கடலை ஒட்டி, இன்றைய சோச்சி நகரைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்களின் தாய்மொழி அது. 1992ஆம் ஆண்டில் அது பேச்சு வழக்கிலிருந்து முற்றாக மறைந்தது.

ஒலிகளின் பெருக்கம்

பதினேழாம் நூற்றாண்டின் உதுமானியப் பயணி எவ்லியா செலபி தம் பயண நூலில் குறித்துவைத்த சில சொற்களே இம்மொழியைப் பற்றிய மிகப் பழைய பதிவாகக் கருதப்படுகின்றன. அதன் முழு அமைப்பு இருபதாம் நூற்றாண்டில்தான் அறிஞர்களுக்குத் தெரியவந்தது. தமிழில் மெய்யெழுத்துகள் 18. அரபியில் எழுத்துகள் 28. உபிக் மொழியிலோ மெய்யொலிகள் 84. அடிப்படை உயிரொலிகள் இரண்டே என்பது பெரும்பாலோர் கணிப்பு.

தஜ்வீத் பயின்றோருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். 'குர்ஆன்' என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய காஃப், அடிநாக்கு உள்நாக்கை ஒட்டுவதால் பிறக்கிறது. அந்த மக்ரஜைப் பழகிக்கொள்ளவே நம் பிள்ளைகள் எவ்வளவு முயல வேண்டியிருக்கிறது! அந்த ஓரிடத்திலிருந்து மட்டும் உபிக் மக்கள் 20 தனித்தனி ஒலிகளைப் பிறப்பித்தனர். இயல்பாக ஒலிப்பது, இதழ்களைக் குவித்து ஒலிப்பது, நாவின் நடுப்பகுதியை அண்ணத்தை நோக்கி உயர்த்தி ஒலிப்பது, தொண்டையை இறுக்கி ஒலிப்பது, குரல்வளையை மூடி வெடிப்பாக ஒலிப்பது எனப் பல வகைகள் அவற்றுள் உண்டு. ஒவ்வொரு வேறுபாடும் பொருளை மாற்றவல்லது.

வினைச்சொல்லின் அமைப்பும் வியப்புக்குரியது. தமிழில் 'கொடுத்தேன்' என்றால் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் வினையின் விகுதி உணர்த்தும். உபிக் மொழியிலோ 'அதை உனக்கு நான் கொடுக்கிறேன்' என்பது முழுவதும் ஒரே சொல். கொடுக்கப்படும் பொருள், பெறுபவர், கொடுப்பவர் ஆகிய மூன்றுக்குமான குறிகள் அதே வரிசையில் வினைப்பகுதியின் முன்னே நிற்கும். ஒருவரை நேசிப்பதை 'நன்றாகக் காண்பது' என்று கூறுவது அம்மக்களின் வழக்கு. அன்பைப் பார்வையோடு பிணைத்த இவ்வழக்கு, அவர்களின் அண்டை இனத்தாரான சிர்க்காசியரிடமும் உண்டு.

நாடிழந்த வரலாறு

ரஷ்யப் பேரரசின் படையெடுப்பை இறுதிவரை எதிர்த்து நின்றோருள் உபிக் மக்களும் அடங்குவர். 1864 மே 21 அன்று, இன்று கிராஸ்னயா போல்யானா எனப்படும் இடத்தில், போர் முடிந்ததாக ரஷ்யப் படை அறிவித்தது. 2014ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பனிச்சறுக்குப் போட்டிகள் நடைபெற்றது இவ்விடத்தில்தான். தோல்விக்குப் பின் உபிக் சமுதாயம் ஏறத்தாழ முழுமையாகவே கப்பலேறி உதுமானியப் பேரரசில் தஞ்சம் புகுந்தது. நாடிழந்து சென்ற காக்கேசிய மக்களுள் எண்ணற்றோர் கடலிலும், திரப்சோன், சம்சுன் முதலிய துறைமுகங்களில் பரவிய கொள்ளைநோயிலும் மாண்டனர்.

எஞ்சியோர் மேற்கு அனத்தோலியாவின் ஊர்களில் குடியமர்ந்தனர். உயிரும் ஈமானும் காப்பாற்றப்பட்டன. மொழி மட்டும் தளரத் தொடங்கியது. தாயகத்திலேயே அவர்களிற் பலர் சிர்க்காசிய மொழியையும் அறிந்திருந்தனர். புதிய ஊர்களில் எண்ணிக்கையில் மிகுந்த சிர்க்காசியரோடு திருமண உறவு பெருகியபோது, வீட்டுமொழி மாறியது. உபிக் மொழிக்கு எழுத்து இல்லை, ஏடுகளும் இல்லை. 1923இல் அமைந்த துருக்கியக் குடியரசின் பள்ளிகள் துருக்கிய மொழியை மட்டுமே கற்பித்தன. 1928இல் 'குடிமகனே, துருக்கிய மொழி பேசு' என்னும் இயக்கமும் தொடங்கியது.

இறுதிக் குரல்

பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் துமேசில் 1931இல் இம்மொழியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோதே, அதைப் பேசுவோர் அருகியிருந்தனர். நார்வே அறிஞர் ஹான்ஸ் வோக்ட் 1963இல் உபிக் அகராதியை வெளியிட்டார். இவ்வாய்வுகளுக்குப் பெருந்துணை புரிந்தவர் தெவ்ஃபிக் எசென்ச். 1904இல் பிறந்த அவரைத் தாத்தாவும் பாட்டியும் உபிக் பேசி வளர்த்தனர். மன்யாஸ் அருகிலுள்ள ஹாஜி உஸ்மான் என்னும் சிற்றூரின் தலைவராகவும் அவர் இருந்தார். துமேசிலோடு இணைந்து 1975இல் உபிக் வினைச்சொற்களைப் பற்றிய நூலின் ஆசிரியருள் ஒருவரானார். அவரைப் போல் சரளமாகப் பேசவல்லவர் எவரும் எஞ்சியிராத நிலையில், 1992 அக்டோபர் 7 அன்று காலமானார். அவருடைய புதல்வர்களுக்கு அம்மொழியில் உரையாடத் தெரியாது. அவர்கள் துருக்கிய மொழியே பேசினர்.

இன்று அவருடைய குரற்பதிவுகளைக் கேட்கலாம். கதைகளைப் பெயர்ப்பில் படிக்கலாம். உபிக் வழித்தோன்றல்கள் துருக்கியில் சிர்க்காசியரோடு கலந்து வாழ்கின்றனர். அவர்களின் மொழியை அழித்தது எது? தாயகத்தை விட்டுத் துரத்தியது அந்நியப் படைதான். ஆனால் மொழி அற்றுப்போனது, அடைக்கலம் தந்த சகோதர முஸ்லிம்களின் மத்தியில். இதற்கு மார்க்கத்தைப் பழிப்பது பொருந்தாது. எந்தத் தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயன்றி அனுப்பப்படவில்லை என்பதே இப்ராஹீம் அத்தியாயம் (14:4) உணர்த்தும் செய்தி. ஒரே மார்க்கத்தவராய் வாழ்வதற்கு ஒரே மொழியினராய் ஆகவேண்டிய கட்டாயமில்லை.

எழுத்தும் பள்ளியும் இல்லாத மொழிக்கு வீடே அரண். தெவ்ஃபிக் எசென்சிடம் உபிக் வந்து சேர்ந்தது, அவருடைய தாத்தாவும் பாட்டியும் அம்மொழியில் அவரிடம் பேசி வளர்த்ததால் அல்லவா? சிறுபான்மையாக வாழும் எந்தச் சமுதாயமும் தன் பிள்ளைகளோடு பேசும்போது நினைவிற்கொள்ள வேண்டிய வரலாறு இது.