அளவாகக் கடிக்கப் பழகும் குட்டி

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மீட்பு இல்லத்திலிருந்து பத்து வாரக் குட்டியைத் தத்தெடுத்திருக்கிறார். பொமரேனியனும் நாட்டு நாயும் கலந்தது; வளர்ந்தாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வந்த நாளிலிருந்து கை, கால், துப்பட்டா, செருப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. சாயங்காலமானால் கட்டிலைச் சுற்றிப் பித்துப் பிடித்ததுபோல் ஓடுகிறது. “இது கடிநாயாகத்தான் வளரும், இப்பவே சங்கிலி போட்டுடு என்கிறார் வீட்டுக்கார அம்மா. என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார்.

சங்கிலி வேண்டாம் அம்மா. அந்த ஓட்டத்தைப் பற்றிக் கவலையும் வேண்டாம். நாளில் 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும் உயிர் அது. விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் உடம்பில் சேர்ந்த வேகத்தைச் சில நிமிடங்களில் ஓடித் தீர்த்துவிட்டுத் தானே படுத்துக்கொள்ளும். டைல்ஸ் தரை வழுக்கும் என்பதால் ஒரு பாய் விரித்து வையுங்கள், போதும்.

கடிதான் எனக்குப் பிடித்த விஷயம். குட்டிக்கு 28 பால்பற்கள். நான்காம் மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். பால்பல் ஊசி முனைபோல் கூராக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று விலங்கு நடத்தை வல்லுநர்கள் பலர் கருதுகிறார்கள். தாடையில் வலுவில்லாத வயதிலும் அந்தப் பல் பட்டால் வலிக்கும். வலித்தால் கூடப்பிறந்த குட்டி வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். கடித்த குட்டிக்கு விளையாட்டு போயிற்று. இப்படிப் பலமுறை நடந்த பிறகு, எவ்வளவு அழுத்தினால் ஆட்டம் கலையும் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது. என் அப்பாவிடம் ஓசூரில் செய்த டிவிஎஸ் 50 இருந்தது. அதை ஓட்டிப் பழகியபோது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினால் வண்டி நகரும், எவ்வளவுக்குப் பாயும் என்பதை என் மணிக்கட்டு மெல்ல மெல்லத்தான் தெரிந்துகொண்டது. குட்டியின் தாடை பழகுவதும் அப்படித்தான்.

இதில் இன்னொரு அதிசயம் உண்டு. விளையாடும்போது நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட வா என்ற அழைப்பு அது. அமெரிக்க ஆய்வாளர் மார்க் பெகாஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வணக்கம் ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் வருவதில்லை என்று காட்டினார். கடித்துத் தலையை உதறுவது போன்ற, சண்டை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயலுக்குச் சற்று முன்னும் பின்னும் அது அடிக்கடி வருகிறது. இப்போது நான் செய்யப் போவதும் செய்ததும் விளையாட்டுத்தான் என்று எதிராளிக்குச் சொல்லிவைக்கிறது நாய். வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்கிற ஒன்று, தன் கடிக்குத் தானே விளக்கம் தருகிறது!

உங்கள் வீட்டில் கூடப்பிறந்த குட்டிகள் இல்லை. அந்த இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். பல் அழுந்தினால் “ஆ” என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்துங்கள். கையை உதறாதீர்கள், உதறினால் அதுவும் விளையாட்டு ஆகிவிடும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். மூக்கில் அடிக்கக் கூடாது. அடிபட்ட குட்டி, வரும் கையைக் கண்டு பயந்து கடிக்கும் நாயாகலாம். பல் பட்டுத் தோலில் கீறல் விழுந்தாலோ ரத்தம் வந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

கலப்பு ரத்தம், அதனால்தான் இந்தச் சேட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் வயது. 1965இல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட நூல், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி பயமின்றிப் பழகுவதுதான் பிற்பாடு அதற்கு இயல்பாகிறது என்று நிறுவியது. உங்கள் குட்டிக்கு அந்தக் காலம் முடியப் போகிறது. தடுப்பூசிகள் முடியும்வரை தெரு மண்ணில் விடாதீர்கள், பார்வோ கிருமி மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். கையில் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனி பஸ்ஸைக் காட்டுங்கள், லாரி ஹாரனைக் கேட்கவிடுங்கள். ஹெல்மெட் போட்டவர், குழந்தைகள், கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் எல்லோரையும் பார்க்கட்டும். மனிதரோடு இப்படிப் பழகி வளர்ந்த நாயை நம் முன்னோர் கல்லிலும் எழுதி வைத்தார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, எருமை மந்தையைக் காத்து மாண்ட வீரனோடு அவனுடைய நாயையும் கோவிவன் என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. இந்த மண்ணில் நாய்க்கு அந்த மரியாதை இருந்தது.

இப்போது இருப்பது சங்கிலி. காலை ஷிப்டுக்குப் போகும்போது கட்டி, இரவில் வந்து சோறு வைத்து, அவிழ்க்காமலே படுத்துவிடுகிறவர்களை ஓசூர் லைன் வீடுகளில் நிறையப் பார்க்கிறேன். கட்டிப்போட்ட நாய் எதையும் பழகுவதில்லை. குரைக்கவும் பயப்படவும் மட்டுமே பழகுகிறது. எப்போதும் கட்டிவைத்த நாயை நடமாட விடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு குட்டியின் வாழ்நாளுக்கு நாம் போட்டிருக்கும் விலை இது.

தெருவில் பிறக்கும் குட்டிகளின் கதியையும் பாருங்கள். கொல்கத்தா ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்களின் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைக் கவனித்து 2016இல் எழுதினார்கள். இனப்பெருக்க வயதுவரை பிழைத்தவை 19 சதவீதம். செத்தவற்றில் 63 சதவீதம் மனிதர்களால் செத்தவை. மீட்பு இல்லத்திலிருந்து வரும் குட்டி அந்தக் கணக்கிலிருந்து தப்பி வந்தது.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும், வீடு மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூட அழைத்துப் போக முடியாவிட்டால், நாயை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடாதீர்கள். காரணமில்லாமல் கைவிடுவதையும் அதே சட்டம் குற்றம் என்கிறது. குட்டியைக் கொடுத்த மீட்பு இல்லத்துக்கே முன்கூட்டிப் போன் செய்யுங்கள், வேறு வீடு தேட அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.