தவறும் பாடம் சொல்லும்

புதிதாக எழுதப் பழகியவர்கள் பலருக்கு ஒரு பயம் உண்டு. "தப்பாக எழுதிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே!" என்ற பயம் அது. அதனால் வங்கியில் படிவத்தை அடுத்தவரிடம் நீட்டுகிறார்கள். எழுதத் தெரிந்தும் எழுதுவதில்லை. எழுதாததால் கற்றதும் மறந்து போகிறது. படிவத்தில் அடுத்தவர் என்ன எழுதினார் என்பதும் தெரிவதில்லை.

தவறு செய்வது அவமானமா? இல்லை. எது தெரியும், எது தெரியாது என்று தவறுதான் காட்டிக் கொடுக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

"ஆயிரத்து ஐந்து" என்று எண்ணால் எழுதச் சொன்னால், புதிதாகக் கற்பவர்கள் சிலர் 10005 என்று எழுதுவார்கள். இது தவறு. ஆனால் இந்தத் தவறு எப்படி வந்தது?

காதில் விழுந்தபடியே எழுதியதால் வந்தது. ஆயிரம் என்றால் 1000. அதன் பக்கத்தில் ஒரு 5. அப்படியானால் அவருக்கு ஆயிரம் எழுதத் தெரியும். ஐந்தும் எழுதத் தெரியும். இட மதிப்புதான் இன்னும் பிடிபடவில்லை.

ஆயிரத்து ஐந்தில் நான்கு இடங்கள் உண்டு. ஆயிரம் இடத்தில் 1. நூறு இடத்தில் 0. பத்து இடத்தில் 0. ஒன்று இடத்தில் 5. சேர்த்து எழுதினால் 1005.

காரணம் சொல்லாமல் 10005-ஐ அடித்துவிட்டு 1005 என்று திருத்திக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஒரு எண் மட்டும் சரியாகும். "இரண்டாயிரத்து நாற்பது" என்றால் மறுபடியும் 200040 என்று எழுதுவார். இட மதிப்பு புரிந்துவிட்டால் 2040 என்று தானே எழுதுவார். ஒரு தவறின் காரணத்தைக் கண்டுபிடித்தால் நூறு தவறுகள் நீங்கும்.

எழுத்திலும் இப்படித்தான்

"பள்ளிக்குப் போனாள்" என்று எழுத நினைத்து "பல்லிக்குப் போனாள்" என்று எழுதுபவர்கள் உண்டு. பேசும்போது இரண்டு ஒலிகளையும் ஒன்றாகச் சொல்வதே இதற்குக் காரணம். "ல" சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். "ள" சொல்லும்போது நாக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதினால் இந்தத் தவறு குறையும்.

புத்தகத்தைப் பார்த்தே எழுதினால் தவறு வராது. ஆனால் மனத்தில் நிற்பதும் குறைவு. புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். தவறு இருந்தால் உடனே திருத்த வேண்டும். திருத்தாமல் விட்ட தவறு பழக்கமாகிவிடும்.

விஞ்ஞானிகளும் தவறிலிருந்து கற்றார்கள்

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள். சந்திரயான்-2 திட்டத்தில் இந்தியா அனுப்பிய விக்ரம் என்ற கலம் நிலவில் இறங்க முயன்றது. அது மெதுவாக இறங்காமல் மோதி விழுந்தது. நாடே வருந்தியது.

விஞ்ஞானிகள் சோர்ந்து போகவில்லை. எங்கே பிழை என்று ஆராய்ந்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை தந்தது தெரிந்தது. இறங்குவதற்குக் குறித்த இடமும் சிறியதாக இருந்தது. அதன் நீளமும் அகலமும் 500 மீட்டர்தான்.

அடுத்த கலத்தில் இவற்றைத் திருத்தினார்கள். கால்களை வலுவாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம் என்று பெரிதாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகில் பத்திரமாக இறங்கியது.

எங்கே கவனம் வேண்டும்?

எல்லா இடத்திலும் தவறு செய்து பார்க்க முடியாது. பூச்சிமருந்தின் அளவு, மாத்திரையின் அளவு, மின்சார வேலை ஆகியவற்றில் ஒரு தவறு உயிரையே பறிக்கும். அங்கே தெரிந்தவரைக் கேட்டுச் செய்வதே அறிவு. நோட்டில் எழுதிப் பழகும்போது தவறு வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அங்கே தாராளமாகத் தவறலாம்.

வங்கிப் படிவத்தையும் முதலில் வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கலாம். அதில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வார்கள். எண்ணில் 10005 என்றும் எழுத்தில் "ஆயிரத்து ஐந்து" என்றும் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டதும் பிழை தெரிந்துவிடும். ஒன்று மற்றொன்றுக்குக் காவல்.

செய்து பாருங்கள்

கீழே உள்ள விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். இவற்றை எண்ணால் எழுதுங்கள்.

1. மூவாயிரத்து ஏழு
2. ஐயாயிரத்து அறுபது
3. பன்னிரண்டாயிரத்து நானூறு

விடை: 3007, 5060, 12400.

தவறு வந்ததா? எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். அடுத்துப் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.