சேமிப்புத் தொகுதியை இடம்மாற்றுவோரின் கவனத்திற்கு

பல வன்தட்டுகளை ஒரே சேமிப்புத் தொகுதியாக இணைத்துப் பேணும் இஸட்.எப்.எஸ். முறைமையின் மூலநிரலை, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005 ஆம் ஆண்டு பகிரங்கமாக வெளியிட்டது. சொலாரிஸ் இயங்குதளத்தில் பிறந்த இம்முறைமை பின்னர் பிரீபிஎஸ்டி, லினக்ஸ் ஆகியவற்றுக்கும் பரவியது. தொகுதியின் அமைப்பு பற்றிய விபரங்கள் வன்தட்டுகளிலேயே பதியப்பட்டிருப்பதால், அவற்றைக் கழற்றி வேறோர் இயங்குதளமுள்ள கணினியில் பொருத்தியும் தரவுகளைப் பெறலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பாகும்.

ஆயினும், இதற்கு எல்லையுண்டு. 2010 இல் சன் நிறுவனத்தைக் கையகப்படுத்திய ஓரக்கிள், அவ்வாண்டிலேயே மூலநிரல் வெளியீட்டை நிறுத்தியது. அதனால் பாதை இரண்டாகப் பிரிந்தது. தொகுதியின் 28 ஆம் பதிப்பு வரையே இரு தரப்புக்கும் பொதுவானது. அதற்குப் பிந்திய சொலாரிஸ் தொகுதிகளை லினக்ஸோ பிரீபிஎஸ்டியோ திறக்கமாட்டா. இவ்விரண்டும் 2020 முதல் ஒரே மூலநிரலைப் பகிர்ந்த போதிலும், புதிய அம்சங்கள் இயங்கும் தொகுதியைப் பழைய மென்பொருள் ஏற்க மறுக்கலாம்.

எனவே, பழைய கணினியில் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் தொகுதியை முறையாக விடுவித்து, புதியதில் 'இம்போர்ட்' செய்தல் வேண்டும். தரமுயர்த்தும்படி கணினி நினைவூட்டினாலும் அவசரப்படலாகாது. தரமுயர்த்திய தொகுதியைச் சாதாரணமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. அனைத்துக்கும் முன்னர் வேறோர் இடத்தில் பிரதியொன்று இருத்தல் அவசியம். வன்தட்டு கையிலிருந்தும் அதைத் திறக்கும் வழி இல்லையெனில், அதிலுள்ள ஆவணங்கள் இழந்தவற்றுக்கே சமமாகும்.