காசில்லாப் பாடமும் கடைச்சரக்குப் பாடமும்

"நாளைக் காலை பிள்ளை சூரிய மண்டலம் கொண்டுவர வேண்டும்" என்று இரவு எட்டு மணிக்குக் கைபேசியில் கட்டளை வருகிறது. சூரிய மண்டலம் எங்கே கிடைக்கும்? ஸ்டேஷனரிக் கடையிலே கிடைக்கும்! தெர்மாகோல் பலகை ஒன்று, பந்து ஒன்பது, வண்ணம், பசை, சார்ட் பேப்பர், மின்னும் தாள். பகலெல்லாம் கலவை சுமந்துவந்த தகப்பன் கடைக்கு ஓடுகிறான். தாய் பந்துகளுக்குச் சாயம் பூசுகிறாள். பிள்ளை பத்து மணிக்கே தூங்கிவிடுகிறது. மறுநாள் அந்தச் சூரிய மண்டலம் பள்ளி அலமாரியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பூமி சுற்றுவதற்கும் இரவு வருவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: பக்கத்துப் பிள்ளையின் பந்துகள் தன் பந்துகளைவிடப் பெரியவை.

இதற்குச் 'செய்து கற்றல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். செய்தது யார்? தாயும் தகப்பனும். கற்றது யார்? கடைக்காரர் வேண்டுமானால் ஒன்று கற்றிருப்பார், அடுத்த மாதம் தெர்மாகோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டுமென்று!

இதே பாடத்தைச் செலவில்லாமல் நடத்த முடியாதா? முடியும். பள்ளிக்கூடத்து மண்தரையில் ஒரு குச்சியை நட்டு, காலை பத்து மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கட்டும். பன்னிரண்டுக்கு ஒரு கல், இரண்டு மணிக்கு ஒரு கல். இரண்டாவது கல்லை வைப்பதற்கு முன்னால் ஆசிரியர் ஒன்று கேட்க வேண்டும்: "நிழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்? நீண்டிருக்குமா, குறுகியிருக்குமா? முதலில் சொல்லுங்கள், பிறகு போய்ப் பார்ப்போம்." அந்த 'முதலில் சொல்லுங்கள்' என்பதிலேதான் பாடம் இருக்கிறது. சொன்னது தப்பாகிப்போன பிள்ளை, ஏன் தப்பாயிற்று என்று தலையைச் சொறிகிறதே, அந்த யோசனையைத் தெர்மாகோல் பந்து தருமா? பிறகு ஒரு பிள்ளை சூரியனாக நிற்கட்டும். இன்னொரு பிள்ளை பூமியாகத் தன்னைத்தானே மெல்லச் சுற்றட்டும். முகம் சூரியனைப் பார்த்தால் பகல், முதுகு பார்த்தால் இரவு. செலவு: வேப்பங்குச்சி ஒன்று, கல் மூன்று.

ஆசிரியர்களைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. அவர்கள் படும் பாட்டை அறிவோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து! ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. ஒருவர் விடுப்பு எடுத்தால் ஐந்தும் மற்றவர் தலையில். அதற்குமேல் பதிவேடுகள், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். இந்த நிலையில் உள்ளவரிடம், ஒரு பாடத்துக்கு நாற்பது அட்டை வெட்டு, பொம்மை செய், படம் வரை என்று பயிற்சி வகுப்பிலே சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும்? சோதனை அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் அட்டை வெளியே வரும். அவர் ஜீப் ஏறியதும் பெட்டிக்குள் போகும். ஆகையால், ஆயத்தம் குறைந்த முறை என்பது சோம்பேறிக்குச் சொல்லும் குறுக்குவழியல்ல. கொத்தனார் கையிலுள்ள தூக்குக்குண்டு போன்றது அது. விலை சொற்பம், அது இல்லாமல் சுவர் நேராக நிற்காது.

எல்லாவற்றிலும் மலிவான முறை ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது! சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் அறிவியல் வகுப்புகளிலே ஆசிரியர்கள் பேசுவதைப் பதிவுசெய்து, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிகிறது என்று அளந்தார். 1974இல் அதை எழுதினார். சராசரியாக ஒரு விநாடி! கேள்வி விழுந்த மறு விநாடியே ஆசிரியர் இன்னொரு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டச் செய்தபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள்.

இந்தக் கணக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டிலே புத்தகமும் பேச்சும் நிறைந்த பிள்ளைக்கு ஒரு விநாடியில் கை உயர்ந்துவிடுகிறது. செங்கல் சூளையிலிருந்து வந்த பிள்ளைக்குக் கேள்வியின் மொழியை விளங்கிக்கொள்ளவே ஒரு விநாடி போய்விடுகிறது. விடை அதன் நாக்கு நுனிக்கு வரும்போது பாடம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். 'மந்தமான பையன்' என்ற பட்டம் இப்படித்தான் கிடைக்கிறது. பையன் மந்தமா, வகுப்பு அவசரமா?

இன்னொரு முறை. "படி, படி" என்கிறோம். பிள்ளையும் ஒரே பக்கத்தை நான்கு முறை உரக்கப் படிக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு கட்டுரையை நான்கு சுற்றும் படித்தார்கள். மற்றொரு பகுதியினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று நினைவில் நின்றதைப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது? நான்கு சுற்று படித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 அளவுக்கு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 அளவுக்கு இருந்தது. ஆகவே பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, "புத்தகத்தை மூடுங்கள், நினைவில் இருப்பதைச் சிலேட்டில் எழுதுங்கள், புரியாதது எது என்று ஒரு வரி எழுதுங்கள்" என்றால் போதும். நாளை எங்கே தொடங்குவது என்பதை அந்தச் சிலேட்டே ஆசிரியருக்குச் சொல்லிவிடும். எழுத்தறியாத தாயும் இந்த வேலையைச் செய்யலாம். புத்தகத்தை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேட்க எந்தப் பட்டம் வேண்டும்?

கரும்பலகையில் ஒரு கணக்கை வேண்டுமென்றே தவறாகப் போட்டு, "எங்கே தப்பு?" என்று தேடச் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவனோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் பதில் சொல்லச் செய்யலாம். இவற்றை விவரிக்கத் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்வது என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர முடியாது. அது நம் சென்னையிலே நடந்த கதை.

1789இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்று தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையிலே மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, தப்பு மறைந்தது! தம் காப்பகத்திலும் மணலைப் பரப்பினார். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் கடல் தாண்டியது என்று பெருமைப்படலாம்.

பெருமையோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். அங்கே அந்த முறை என்னவாயிற்று? பெல்லும், அவருக்குப் போட்டியாக இதே வழியில் நடந்த லங்காஸ்டரும் காட்டிய பாதையில், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் என்ற ஏற்பாடு வளர்ந்தது. சட்டாம்பிள்ளை சொல்வான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பேச்சு உண்டு, யோசனை இல்லை. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டுமென்பதில்லை என்று பெல்லே எழுதினார். மலிவான முறை, மலிவான மனிதனை உண்டாக்கும் முறையாக ஆயிற்று!

ஆகையால் இந்த இடத்தில் நாம் கறாராக இருக்க வேண்டும். குச்சியும் கல்லும் போதும் என்று நாம் சொல்வது பாடத்துக்கு. ஆசிரியர் போதும், கட்டடம் போதும், கழிப்பிடம் போதும் என்பதற்கல்ல. "அதுதான் செலவில்லாமலே நடத்தலாமாமே" என்று காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட எவராவது இதைச் சாக்காக்கினால், அவரிடம் பெல்லின் கதையை எடுத்துச் சொல்லுங்கள். மூன்று விநாடி காத்திருக்க வேண்டுமானால், காத்திருக்க அங்கே ஓர் ஆசிரியர் வேண்டும் அல்லவா?

நம் நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போயிற்று. அட்டைகளும் ஏணிப் படிகளுமாக அதிலே நிறைய ஏற்பாடுகள் இருந்தன. நம் கணக்கில் அவற்றில் மிகச் சிறந்தது, பிள்ளைகள் எழுதுவதற்கென்று சுவரின் அடிப்பகுதியில் அமைத்த கீழ்மட்டக் கரும்பலகை. அட்டை கிழியும், தொலையும். சுவர் தொலையுமா? பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கறுப்புப் பட்டை. எழுதலாம், அழிக்கலாம், எல்லோரும் பார்க்கலாம். எழும்பூர் மணலை நிறுத்திவைத்தது போல!

பாடத்துக்கான பொருளை எங்கே தேடுவது என்பதற்கு பிரேசில் நாட்டில் ஒரு பதில் கிடைத்தது. 1963இல் வடகிழக்கிலே ஆங்கிகோஸ் என்ற வறண்ட ஊரில், பாவ்லோ பிரெய்ரே என்ற ஆசிரியரின் முறைப்படி, ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்க முனைந்தார்கள். எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லவில்லை. அந்த மக்கள் அன்றாடம் புழங்கும் சொல்லை எடுத்து, அதைக் குறித்துப் பேசவைத்து, பிறகு அசை அசையாகப் பிரித்து, அந்த அசைகளிலிருந்து புதுச் சொற்களை அவர்களையே உண்டாக்கச் செய்தார்கள். பிரெய்ரேயின் முறையில் பெயர்பெற்ற சொற்களில் ஒன்று செங்கல்! யார் சுட்டது, யார் அடுக்கியது, யார் வீடு, யார் கூலி என்று பேச்சு விரியும். பேச்சின் முடிவில் எழுத்து வரும். எழுத்தறியாதவருக்கு அந்நாளில் அந்த நாட்டிலே வாக்குரிமை இல்லை. கடைசி வகுப்புக்குக் குடியரசுத் தலைவர் கூலார்ட்டே வந்திருந்தார். மறு ஆண்டு, 1964இல், இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது, பிரெய்ரே சிறைக்கும் பிறகு வெளிநாட்டுக்கும் போனார். ஒரு செங்கல்லைக் குறித்துப் பேசியதற்கு இவ்வளவு அச்சம்!

நம் வகுப்பறைக்கும் அந்தச் செங்கல் வரலாம். சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் எப்படிப் பார்க்கிறார்? ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறிக்கிறார். குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. பாடப்புத்தகத்தில் இதற்குப் பிதகோரஸ் தேற்றம் என்று பெயர். பன்னிரண்டு சம பாகமாகக் குறியிட்ட ஒரு கயிற்றைக் கொடுத்து, வகுப்பறையின் நான்கு மூலைகளையும் சோதித்துவரச் சொன்னால் பாடம் முடிந்தது. எந்த மூலை கோணல் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். (ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்குமா என்பது வேறு விஷயம்.) தகப்பனின் கூலிச் சீட்டு, பஸ் டிக்கெட், ரேஷன் கடையில் எடை போட்ட அரிசி, எல்லாம் கணக்குதான். அதைவிட முக்கியம், தன் தகப்பனுக்குத் தெரிந்த ஒன்று கரும்பலகையில் ஏறுவதைப் பிள்ளை பார்க்கிறது.

தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே 2009ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்குப் போகிறோம், நேரமில்லை என்று அந்த நாற்காலியை நாம் காலியாக விட்டால், அதில் வேறு ஆள் உட்காருவார். கூட்டத்துக்குப் போங்கள். இங்கே எத்தனை பணியிடம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைக்குப் போகவைக்கும் 'ப்ராஜெக்ட்' வேண்டாம் என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆசிரியரிடம் மரியாதையோடு அனுமதி கேட்டு, ஒரு பாடவேளை பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். கேள்வி விழுந்ததும் விரலை மடக்கி எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விரல் மடங்கும்போது எந்தப் பிள்ளையின் கை உயர்கிறது என்று கவனியுங்கள்.