வாய்க்கால் மீனும் வயல் மருந்தும்



மேட்டூர் அணை திறந்து, வெண்ணாறு, வெட்டாறு வழியாகக் காவிரித் தண்ணீர் உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்தால், கூடவே கெண்டையும் கெளுத்தியும் குரவையும் வந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் சத்துணவு இது. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், வளரும் பிள்ளைக்கும் மீன் நல்லது.

ஆனால், பக்கத்து வயலில் மருந்து அடித்த மறுநாள் காலை, வாய்க்காலில் மீன்கள் மயங்கி மிதக்கின்றன என்று வையுங்கள். "சும்மா கிடைக்குது, அள்ளிட்டு வாங்க, குழம்பு வச்சிடலாம்" என்று தோன்றும். அந்தக் குழம்பை வைக்கவே கூடாது. ஏன்?

மீனுக்குள் மருந்து போகும் வழி

அடித்த மருந்து முழுவதும் பயிரில் நிற்பதில்லை. மழை பெய்தாலும், வயல் தண்ணீரை வடித்தாலும், தெளிப்பானை வாய்க்காலில் கழுவினாலும் தண்ணீரில் கலக்கிறது. மீன் அதைச் செவுள் வழியாக இழுக்கிறது. மருந்து பட்ட பூச்சியைத் தின்றும் வாங்கிக்கொள்கிறது. சின்ன மீனை விரால் தின்கிறது. விராலை நாம் தின்கிறோம்.

டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பழைய மருந்துகள் எளிதில் அழியாதவை. உடம்பின் கொழுப்பில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை அவற்றைவிடச் சீக்கிரம் சிதையும். ஆனால் நரம்பை உடனே தாக்கும். இந்த விஷம் ஏறினால் வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் ஒழுகுதல், பார்வை மங்கல், மூச்சுத் திணறல் வரும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் விஷம் முறிந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

தாய்ப்பாலிலும் கண்டார்கள்

கொள்ளிடத்துக்கு வடக்கே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். நெல் வயலில் போட்ட பி.எச்.சி. மருந்து காற்றிலும் வெள்ளாற்றுத் தண்ணீரிலும் இருந்தது. தமிழ்நாட்டுத் தாய்மார்களின் பாலிலும் பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் இருப்பதைக் கண்டார்கள்.

இதைக் கேட்டுப் பயந்து, தாய்மார்களே, பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக்குத் தாய்ப்பாலே சிறந்தது. நிறுத்த வேண்டியது மருந்து தண்ணீரில் கலப்பதைத்தான்.

டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த 1989-இல் தடை வந்தது. பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. கேரளத்தின் காசர்கோடு மக்கள் பட்ட துயரத்துக்குப் பிறகு, 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடுத்தது. மீனுக்கு அது கொடிய விஷம். பழைய டப்பா வீட்டில் கிடந்தால் தொடாதீர்கள். வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள்.

கணவர் கவனிக்க

1. பூச்சி கண்ணில் பட்டதும் மருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டுமா என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.
2. டப்பாவில் முக்கோணக் குறி இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் விஷம்தான்.
3. அடித்த பிறகு வயல் தண்ணீரை உடனே வடிக்காதீர்கள். தெளிப்பானை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள்.
4. மருந்து கலந்து மீன் பிடிப்பது ஊருக்கே விஷம் வைப்பது. யார் செய்தாலும் தடுங்கள்.

மனைவி கவனிக்க

1. செத்து மிதந்த மீனையும், மயங்கிக் கிடந்த மீனையும் சமைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.
2. நல்ல மீனானாலும் குடலையும் ஈரலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்குங்கள். சேரும் மருந்து அங்கேதான் அதிகம் தங்கும்.
3. மருந்து டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ வைக்காதீர்கள். 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி மதிய உணவைத் தின்று 23 பிள்ளைகள் இறந்தார்கள்.
4. கர்ப்பிணிகள் மருந்து கலக்கவோ, மருந்து பட்ட துணியைத் துவைக்கவோ கூடாது.

விஷம் ஏறியதாகத் தோன்றினால் நாட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். மருந்து பட்ட துணியைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். எந்த மருந்து என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

வாய்க்கால் தண்ணீர் உங்கள் வயலோடு நிற்பதில்லை. மேல்மடைக்காரர் கழுவிவிட்டது கீழ்மடைக்காரர் வீட்டு உலைக்கு வரும். நீங்கள் ஒருவருக்குக் கீழ்மடை, இன்னொருவருக்கு மேல்மடை. இதை இருவரும் நினைவில் வையுங்கள்.