இயந்திரத்துக்குள் இயந்திரம் – 17: முப்பத்தோராம் பிட்

ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றும் முறை சென்ற இதழில் விளக்கப்பட்டது. மீண்டும் சொல்லத் தேவையில்லை. அந்த இரு சர்வர்களின் பிராசசர்களும் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவையாக இருந்தால் என்ன ஆகும் என்பதே இவ்வாரக் கேள்வி.

விடை, சிபியூஐடி என்னும் ஒற்றை ஆணையில் தொடங்குகிறது. 1993இல் வந்த பென்டியமிலும் 486 வரிசையின் பிற்காலச் சில்லுகளிலும் இடம்பெற்ற இந்த ஆணை, 'நீ யார், உனக்கு என்னென்ன தெரியும்' என்று நிரலானது பிராசசரைக் கேட்பதற்கானது. 0 என்ற எண்ணைக் கொடுத்துக் கேட்டால், தயாரிப்பாளரின் பெயர் 12 ஆங்கில எழுத்துகளில், நான்கு நான்காகப் பிரிந்து, ரெஜிஸ்டர்கள் எனப்படும் பிராசசரின் உள்சேமிப்பிடங்கள் மூன்றில் வந்து அமர்கிறது. 1 என்ற எண்ணைக் கொடுத்தால் விடை பிட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு திறனைக் குறிக்கும், 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. இசிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரின் 25ஆம் பிட் ஏஇஎஸ் மறையாக்கத்துக்கும் 28ஆம் பிட் ஏவிஎக்ஸ் கணக்கீட்டுக்கும் உரியவை.

அதே ரெஜிஸ்டரின் கடைசியான 31ஆம் பிட் சற்று நின்று பார்க்கத்தக்கது. சந்தையில் ஓயாமல் போட்டியிடும் இன்டெலும் ஏஎம்டியும் இந்த ஒரு பிட்டை அசல் பிராசசரில் எப்போதும் 0 ஆகவே விட்டுவைத்துள்ளன. அதை 1 ஆக்குவது ஹைப்பர்வைசர், அதாவது மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் மென்பொருள், மட்டுமே. அந்த 1ஐக் கண்ட நிரல், பதினாறடிமான எண் 40000000ஐக் கொடுத்து மறுபடி கேட்டால், ஹைப்பர்வைசரின் பெயரும் அதே 12 எழுத்து இடத்தில் வருகிறது. ஆறெழுத்துடைய விஎம்வேர் தன் பெயரை இருமுறை எழுதி இடத்தைச் சரியாக நிரப்புகிறது. மூன்றெழுத்துடைய கேவிஎம் மும்முறை எழுதி, எஞ்சிய மூன்று இடங்களைச் சுழியமாக விடுகிறது.

இது எப்படி இயல்கிறது எனில், 2005இல் இன்டெல் கொண்டுவந்த விடி-எக்ஸ் அமைப்பில், மெய்நிகர் இயந்திரத்துக்குள் சிபியூஐடி ஆணை வந்த உடனே கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் சென்றுவிடுகிறது. எனவே உள்ளே இருப்பவர் பெறும் விடை பிராசசரின் விடையன்று, ஹைப்பர்வைசர் எழுதிக்கொடுத்த விடை. ஆயினும் ஒரு பிட்டை 0 என்று மறைப்பதால் அத்திறனுக்குரிய ஆணைகள் பெரும்பாலும் முடங்கிவிடுவதில்லை. கேட்காமலே அவற்றைப் பயன்படுத்தும் நிரலைத் தடுக்க இயலாது.

கேட்டுப் பயன்படுத்தும் நிரலுக்கும் வேறொரு ஆபத்து உண்டு. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில், எழுத்துச்சரத்தின் நீளத்தை அளக்கும் எஸ்டிஆர்லென் என்ற சிறு செயற்கூறுக்கே பல வடிவங்கள் உள்ளன. நிரல் தொடங்கும்போது பிராசசரின் திறன்களை ஒருமுறை கேட்டறிந்து, அதற்கேற்ற வடிவத்தை நூலகம் தேர்ந்துகொள்கிறது, பின்னர்க் கேட்பதில்லை. 2013இன் ஹாஸ்வெல் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 வடிவத்தைத் தேர்ந்த நிரல், அத்திறன் இல்லாத 2011இன் சாண்டி பிரிட்ஜ் சர்வருக்கு மாற்றப்பட்டால், அடுத்த எஸ்டிஆர்லென் அழைப்பிலேயே 'அறியாத ஆணை' என்ற பிழையோடு மடியும். ஆகவே ஹைப்பர்வைசர் தரும் விடை, மெய்நிகர் இயந்திரம் எங்கெல்லாம் செல்லக்கூடுமோ அங்கெல்லாம் மெய்யாக நிற்கவேண்டிய வாக்குறுதி. அசல் பிராசசரின் எல்லாத் திறன்களையும் அப்படியே காட்டுவது தனிச் சர்வருக்குப் பொருந்தும். சர்வர் கூட்டத்துக்கு, அனைத்துக்கும் பொதுவான திறன்களை மட்டும் காட்டுவதே முறை.

அந்தப் பொதுத் திறன்களைக் கணக்கிடும் விதமும், 2014இல் ஹாஸ்வெல்லின் டிஎஸ்எக்ஸ் திறனை ஒரு மைக்ரோகோடு திருத்தம் முடக்கியதால் எழுந்த சிக்கலும் அடுத்த இதழுக்குரியவை. அதற்குள் வாசகர்கள் தங்கள் லினக்ஸ் கணினியில் சிபியூஇன்ஃபோ கோப்பைத் திறந்து ஃபிளாக்ஸ் என்ற வரியைப் பார்க்கலாம். 'ஹைப்பர்வைசர்' என்ற சொல் அங்கிருந்தால், அது 31ஆம் பிட் 1 ஆக இருப்பதன் அடையாளம்.