கிட்டாருக்கு ஒரு கைத்தாங்கி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுரமானியைத் தொடாத மாணவர் நம்மில் யாரும் இரார். நீண்ட மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய கம்பி, கம்பியைத் தாங்கும் கத்திமுனைகள். அதிரும் இசைக்கவையைப் பெட்டியின்மேல் ஊன்றியதும் கம்பியில் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அளவைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். ஒரு மெல்லிய கம்பிக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று முதலாண்டில் நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை என்னைக் கேட்க வைத்தது ஒரு பழைய கிட்டார்.

விடை எளியது. விசிறியின் ஓலையைப் பிய்த்துவிட்டு வெறுங்காம்பை வீசினால் காற்று வருமா? கம்பியும் காம்பு போன்றதே. அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமேயன்றித் தள்ளாது. கிட்டாரில் கம்பியின் அதிர்வு, வீணையில் குதிரை என்கிறோமே, அதுபோன்ற ஒரு கட்டையின் வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது. பலகை திணிப்பு அதிர்வுக்கு உள்ளாகிக் காற்றைத் தள்ளுகிறது. ஆக, நாம் கேட்பது பலகையின் குரல். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்க, சுமார் 3 மில்லிமீட்டர் கனமே உள்ள அப்பலகை அதைத் தாங்கிக்கொண்டு பாடவும் செய்கிறது!

ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற கிட்டார்க் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் 1862ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான கிட்டாரைச் செய்தார். மேற்பலகையை மட்டும் மரத்தால் செய்து, அடியையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்தார். கிட்டாரின் குரலுக்கு மேற்பலகையே முதன்மையானது என்று காட்டுவதே அவர் நோக்கம்.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடையது பெரிய உடல் கொண்ட 'டிரெட்னாட்' வகைக் கிட்டார். 1906இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. பெயருக்கேற்ற பருமனும் உண்டு. உடலின் ஆழம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். வாசிக்கும்போது வலது முன்கை அதன் கூரிய விளிம்பின்மேல் கிடக்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படித்திருக்கிறோம். பரப்பு வெறும் கோடாக இருந்தால் அழுத்தம் என்னவாகும்? அரை மணி நேரத்தில் கையில் சிவந்த தழும்பு விழும், விரல்கள் மரத்துப்போகும். இது ஒரு தீங்கு. மற்றொன்று, முன்கையின் சதை பலகையின்மேல் படிந்து அதிர்வை உறிஞ்சிக்கொள்வது. வெண்கல மணியை அடித்துவிட்டு உள்ளங்கையால் தொட்டால் நாதம் அடங்குகிறதல்லவா? அதே கதைதான்.

என் தந்தையார் தச்சர். கதவும் சன்னலும் செய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் கைத்தழும்பைக் கண்டவர், அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஒரு தோதகத்தித் துண்டை எடுத்து இழைத்து, விளிம்பின் வளைவுக்கேற்ற அழகான கைத்தாங்கியைச் செய்து ஒட்டித் தந்தார். கை வலி போயிற்று. ஆனால் குரலும் போயிற்று! 3 சென்டிமீட்டர் அகலத்திற்கு அந்தக் கட்டை மேற்பலகையில் முழுதாகப் படிந்திருந்தது. கையின் வேலையைக் கட்டை செய்தது, அவ்வளவே வேறுபாடு.

அதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. படித்த திமிரில் குறை சொல்கிறான் என்று நினைப்பாரோ என்று இரண்டு நாள் மென்று விழுங்கினேன். மூன்றாம் நாள் சொன்னேன்: "அப்பா, சத்தம் அடங்கிப்போச்சு."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே தம்பி. மரம் கோவிச்சுக்குமா?" என்றார்.

கட்டையை எடுத்துவிட்டு, விரல் கணுவால் பலகையை நடுவிலிருந்து விளிம்பு வரை தட்டிக்கொண்டே போனார். நடுவில் 'டொம்' என்ற பலகை, ஓரத்தில் 'டக்' என்றது. ஒலி மாறிய இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்தார். "இதுக்கு அந்தப் பக்கம் பலகை ஊமை. கட்டை அங்கே உட்காரட்டும்" என்றார்.

அவர் 'ஊமை' என்றதை நம் பாடநூல் 'கணு' என்கிறது. மேற்பலகையின் ஓரம், உட்புறத்தில் ஒரு மரப்பட்டையோடும் பக்கப்பலகையோடும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கு அதிர்வு மிகக் குறைவு. அசையாத இடத்தில் சுமையை வைத்தால் இழப்பு இல்லை. அசையும் இடத்தில் வைத்தால் ஒலியே மாறும். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்து இந்த உண்மையை நல்ல வழியில் பயன்படுத்துவதே. அச்சுமையால் தோலின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவாக அமைவதைச் சர். சி. வி. இராமன் 1920லும் 1934லும் ஆராய்ந்து எழுதினார்.

இரண்டாம் முறை செய்த விதத்தைச் சொல்கிறேன். விரும்பும் நண்பர்கள் செய்து பார்க்கலாம். முதலில் வாசிக்கும் நிலையில் அமர்ந்து, கை விளிம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து வளைவை எடுத்து மரத்திற்கு மாற்றலாம். 20 சென்டிமீட்டர் நீளம் போதும். கட்டையின் அடியில் வெளிப்புறமாக 6 மில்லிமீட்டர் மட்டும் விட்டுவிட்டு, மீதியைக் காடி எடுத்துவிட வேண்டும். அப்போது உட்பகுதி பலகையைத் தொடாமல் மேலே நிற்கும். ஒரு தபால் அட்டையை இடுக்கில் செலுத்திப் பார்த்தால் எங்கும் தட்டாமல் போக வேண்டும். மேல்முனையை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். ஆணியோ திருகோ கூடவே கூடாது. பக்கப்பலகை சுமார் 2 மில்லிமீட்டர் கனமே உடையது, பிளந்துவிடும். இருபுறமும் ஒட்டும் நாடா போதுமானது. எடுக்க நேர்ந்தால் பிடித்து இழுக்காமல், இடையில் நூலைச் செலுத்தி அறுத்தெடுக்க வேண்டும். இல்லையேல் பழைய பாலிஷ் பெயர்ந்து வந்துவிடும்.

பயன் என்ன? ஒலி இரட்டிப்பாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மீட்டிய சுரம் முன்னைவிடச் சற்று நேரம் நிற்கிறது. தாழ்ந்த சுரங்கள் தெளிந்திருக்கின்றன. விரல் மரத்துப்போவது அறவே நின்றது. வியர்வை பட்டுப் பாலிஷ் கெடுவதும் குறைந்தது. சிறிய உடல் கொண்ட கிட்டார் வைத்திருப்பவருக்கு இது தேவைப்படாமலும் போகலாம்.

கணு என்ற சொல்லைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நான், அது கிட்டாரில் எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. அச்சொல்லையே அறியாதவர் விரலால் தட்டிக் கண்டுபிடித்தார். ஏன் அது அங்கே இருக்கிறது என்று அன்று மாலை நான் அவருக்குப் படம் வரைந்து விளக்கியபோது, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

நண்பர்களே, அடுத்த முறை சுரமானிப் பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அளவெடுக்கும் தோழரைக் கண்டால், கையை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கம்பியை மீட்டிக் கேளுங்கள்.